எழுதி வைத்த மலையும் எழுதாமல் விட்ட வயலும்

(எங்கள் ஊரில் நிலத்தையும் கண்மாயையும் காக்க ஒரு குழு தொடங்கிய அன்று மந்தையில் பேசியதன் எழுத்து வடிவம்.)

பெரியோர்களே, தாய்மார்களே, கடைசியில் வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"பஞ்சாயத்து இருக்கும்போது தனியாக எதற்குக் குழு?" என்று காலையில் டீக்கடையில் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல உங்களை அரிட்டாபட்டிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பாறையாகத்தான் தெரியும். மழைக்காலத்தில் கிட்டே போய் நின்றால் அந்தப் பாறை என்ன வேலை செய்கிறது என்பது புரியும். விழுகிற மழையில் கொஞ்சம் சுனைகளில் தங்கும், மிச்சம் சரிவில் இறங்கி ஓடைக்கு வரும், ஓடை குளத்துக்கு வரும். ஒரு குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அரசு அறிவிப்பில் உள்ள கணக்குப்படி அங்கே சுமார் 200 இயற்கைச் சுனைகள், 72 ஏரி குளங்கள், 3 தடுப்பணைகள். பாண்டியர் காலத்தில் வெட்டியதாக அந்த அறிவிப்பு சொல்லும் ஆனைகொண்டான் கண்மாயும் அதில் ஒன்று. வயலில் நெல் நிற்கிறதென்றால் அது பாறை கொடுத்த நெல். பாறையை வெட்டினால் முதலில் சாவது பாறை இல்லை, கண்மாய்தான்.

ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஷாகீன் வல்லூறு, லகர் வல்லூறு, பொனெல்லி கழுகு என்று மூன்று பெரிய வேட்டைப் பறவைகள் உண்டு. ஷாகீனுக்குக் கூடு வைக்கச் செங்குத்துப் பாறை வேண்டும். நாம் தரிசு என்று எழுதிவிட்டுப் போகும் இடம் அதற்கு வீடு. தேவாங்கும், எறும்புதின்னியான அழுங்கும், மலைப்பாம்பும் இருக்கின்றன. அப்புறம் குகைத்தளத்தில் 2,000 ஆண்டுக்கு மேல் பழமையான, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள். குகையில் தங்கிய சமணத் துறவிகளுக்காக யார் செலவு செய்து இடம் அமைத்துக் கொடுத்தார்கள் என்று அவை சொல்கின்றன. ஒருவர் நெல்வேலிக்காரர், இன்னொருவர் இலஞ்சிக்காரர். எங்கோ தெற்கே இருந்தவர்கள் இங்கே கொடுத்த கொடை இன்றும் தெரிகிறதென்றால், அன்றைக்கு ஒருவர் உளி பிடித்து எழுதி வைத்ததால்தான் தெரிகிறது. இந்த "எழுதி வைத்தது" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூர் பக்கம் மலைகளை வெட்டிய கிரானைட் குவாரிகள் என்ன செய்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிட்டாபட்டி மலைக்கும் அந்த ஆபத்து வந்தது. ஊர் கூடி எதிர்த்தது, நீதிமன்றத்துக்குப் போனது, மலை தப்பியது. பல ஊர்களில் கதை இதோடு முடிந்துவிடும். ஆபத்து நீங்கியதும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவோம். அங்கே அப்படி ஆகவில்லை. ஊர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் கல்வெட்டு படிப்பவர்களும் சேர்ந்து, மலையில் என்னென்ன இருக்கிறது என்று வருடக்கணக்கில் குறித்துக்கொண்டே வந்தார்கள். கிரானைட்டை எதிர்த்த போராட்டத்தைவிட இந்த வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கோஷம் போடும்போது கூட ஆயிரம் பேர் இருப்பார்கள். விடிகாலையில் பாறை மேல் ஏறிக் குருவி எண்ணும்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த வேலைக்குப் பலன் 2022 நவம்பர் 22ஆம் தேதி கிடைத்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு கிராமங்களிலும் சேர்த்து 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்தது. 2002ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டம் அதற்கு வழி கொடுக்கிறது. ஆடு மேய்ப்பதோ சாமி கும்பிடுவதோ நிற்கவில்லை. அந்த இடம் என்னவென்று அரசுக் காகிதத்தில் ஏறியது, அவ்வளவுதான்.

சரி, இரண்டே வருடம். 2024 நவம்பரில் செய்தி வருகிறது: டங்ஸ்டன் என்ற உலோகத்தை வெட்டியெடுக்க நாயக்கர்பட்டி சுரங்கத் தொகுதி ஏலம் போய்விட்டது. பரப்பு 2,015 ஹெக்டேர், ஏறத்தாழ 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டி மலையும் இருக்கிறது, வயலும் கண்மாயும் கோயிலும் ஊர்களும் இருக்கின்றன. மக்கள் மந்தையில் கூடினார்கள், கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

இனி நான் சொல்வதை உன்னிப்பாகக் கேளுங்கள். டிசம்பர் 24ஆம் தேதி மத்திய சுரங்க அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தொகுதியில் பல்லுயிர்த் தலம் இருப்பது ஏறத்தாழ 10 சதவீதம். அதை விலக்கிவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று புவியியல் ஆய்வுத் துறை பார்க்கட்டும் என்றது. அதாவது, எழுதி வைத்திருந்த மலையை விடலாம் என்று சொன்னார்கள். மீதி 90 சதவீதத்தில் வயல் இருந்தது, கண்மாய் இருந்தது, ஆனால் அவற்றின் அருமையைச் சொல்ல ஒரு காகிதம் இல்லை. எனவே அவை தொகுதிக்குள்ளேயே நின்றன.

அந்த மக்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மலையை மட்டும் விட்டால் போதும் என்று ஒரு ஊர்கூடச் சொல்லவில்லை. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தும் வண்டியிலும் போனார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போன பெண்கள் இருந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் முழுவதுமாக ரத்தானது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தோடு பயமும் இருந்தது. ஒவ்வொரு முறையும் இத்தனை பேர் தெருவுக்கு வந்தால்தான் ஒரு வயல் பிழைக்கும் என்றால், நம்மைப் போன்ற சின்ன ஊர் என்ன செய்யும்?

நம் ஊரிலேயே நடந்ததுதானே? கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கிழக்கு வரத்துக்காலை மூடி மனை போட்டார்கள். நாம் ஒரு அலுவலகத்துக்குப் போய், "ஐயா, அது வாய்க்கால்" என்றோம். "எந்த சர்வே எண்? எத்தனை அடி அகலம்? புலப்படம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். புலப்படம் என்றால் நிலத்தை அளந்து வரைந்த படம். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தண்ணீர் பாய்ச்சிய தாத்தாவுக்கு ஒவ்வொரு மடையும் மனப்பாடம். அவர் போனபோது அந்தக் கணக்கும் அவரோடு போய்விட்டது. அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பின்னால் நடக்கவில்லையே என்று எனக்கு இன்றும் மனது அறுக்கிறது.

வயலைக் காக்கச் சட்டமே இல்லையா என்றால், ஒன்று உண்டு. 2020ஆம் வருடம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கினார்கள். மேலூர் அதில் இல்லை. நம் ஊரும் இல்லை. வேறு ஒரு வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் விவசாயிகளும் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து 1980இல் ஒரு நில அறக்கட்டளை தொடங்கினார்கள். நிலத்தை அது வாங்குவதில்லை. நிலத்தை மனையாகப் பிரிக்கும் உரிமையை மட்டும் விவசாயியிடமிருந்து விலைக்கு வாங்கிப் பத்திரத்தில் பதிந்துவிடுகிறது. நிலம் அவருடையதே, விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். யார் கைக்குப் போனாலும் விவசாய நிலமாகவே இருக்க வேண்டும். 50,000 ஏக்கருக்கு மேல் இப்படிக் காத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது விவசாயியை வெறுங்கையோடு விடவில்லை என்பது. கல்யாணச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் நிலத்தை விற்கிறவரைப் பார்த்து விற்காதே என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவருக்கு என்ன வழி என்பதையும் இந்தக் குழு பேசியாக வேண்டும்.

அது பெரிய வேலை, நாளாகும். நாளைக்கே செய்யக்கூடியது வேறு. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது ஊரில் உள்ள உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது சட்டம். காலையில் கேட்ட அண்ணனுக்கு என் பதில் இதுதான்: பஞ்சாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் வரப்பு வரப்பாக நடந்து எழுத ஆள் வேண்டும். நாம் எழுதிக் கொடுப்போம், கிராமசபையில் வைத்துத் தீர்மானமாக்குவோம். எந்தக் கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கோயில்காட்டில் என்ன மரம், எந்த மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர், எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது, எல்லாம் வேண்டும். ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டின் நகலுக்கும் புலப்படத்துக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குப் பெரிய கண்மாய்க் கலிங்கில் கூடுகிறோம். மேற்கு வரத்துக்காலிலிருந்து தொடங்கலாம், அது இன்னும் திறந்திருக்கிறது. வெள்ளையம்மா பாட்டியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலின் மடைகளுக்கெல்லாம் பெயர் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். அவர் நடக்கும் வேகத்துக்கே நாமும் நடப்போம்.