ஓமனா என்ன தப்பு பண்ணினா? ‘காதல் தி கோர்’ பத்தி விலாவாரியா

வணக்கம் மக்களே! இன்னிக்கு வேற படம் பேசறதா இருந்துச்சு, அதைத் தள்ளி வச்சாச்சு. காரணம், போன வீடியோவுக்குக் கீழ வந்த கமெண்ட்ஸ். ‘காதல் தி கோர்’ங்கற மலையாளப் படம் பத்திப் போற போக்குல ரெண்டு வரி சொன்னதுக்கு வரிசையா ஒரே பல்லவி. விவாகரத்து கேட்ட ஓமனா, புருஷனான நல்ல மனுஷனை எலெக்‌ஷன் நேரம் பாத்துக் கவுத்துட்டாளாம். இருபது வருஷம் சும்மா இருந்தவளுக்கு இப்ப என்ன வந்துச்சாம். ரெண்டு பேரும் பேசிக் கையெழுத்துப் போட்டு அமைதியா பிரிஞ்சிருக்கலாமாம்.

எனக்கு நிஜமாவே கோவம் வருது. படத்தை முழுசா பாத்தவங்க இப்படி எழுத மாட்டாங்க. பத்து நிமிஷக் கதைச்சுருக்கம் போடற சேனல்களைப் பாத்துட்டு எழுதினதுன்னு நல்லாவே தெரியுது. அந்தச் சுருக்க வீடியோக்கள் எனக்குச் சுத்தமா ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும்.

பாக்காதவங்களுக்கு ரெண்டே வரி. ஜியோ பேபி இயக்கம், 2023 நவம்பர் 23 ரிலீஸ். கோட்டயம் மாவட்டம் தீக்கோயில ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மாத்யூ தேவஸி, அதாவது மம்மூட்டி, ஊராட்சி வார்டு இடைத்தேர்தல்ல இடதுசாரி வேட்பாளரா நிக்கறார். அதே சமயம் மனைவி ஓமனா, நம்ம ஜோதிகா, விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போறாங்க. என் புருஷன் தன்பாலீர்ப்பு உள்ளவர், அவருக்கும் தங்கன்னு ஒருத்தருக்கும் உறவு இருக்குன்னு மனுவுலயே சொல்றாங்க. கதையைச் சொல்லிட்டேன்னு திட்டாதீங்க, இதெல்லாம் படத்தோட ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும். இதுக்கு மேல கொஞ்சம் கதை வெளிய வரும், வேண்டாம்னா இங்கயே நிறுத்திட்டுப் படத்தைப் பாத்துட்டு வாங்க.

இப்ப அந்த ‘பேசிப் பிரிஞ்சிருக்கலாமே’ விஷயம். இதைத்தான் நிறுத்தி நிதானமா சொல்லப் போறேன்.

கிறிஸ்தவங்களுக்கு விவாகரத்துன்னா 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். பரஸ்பர சம்மதத்துல பிரியறதுக்கு அதுல 10ஏ பிரிவு இருக்கு, 2001 திருத்தத்துல வந்தது. அதுக்கு முதல் நிபந்தனை, ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடணும். ஒருத்தர் மட்டும் போட்டா அது 10ஏ ஆகவே ஆகாது. மாத்யூ என்ன பண்றார்? கோர்ட்ல அப்படி எதுவுமே இல்லைன்னு மறுக்கறார். மறுக்கற மனுஷன் சேர்ந்து கையெழுத்துப் போடுவாரா? அந்த வழி அங்கயே அடைஞ்சு போச்சு.

மிச்சம் இருக்கறது 10-ம் பிரிவு. அதுல காரணம் சொல்லணும், நிரூபிக்கணும். தாம்பத்யத்துக்கே மறுத்தார், கல்யாணம் முழுமையே அடையலைங்கறது அதுல ஒரு காரணம். ஓமனா அதைச் சொல்ல முடியுமா? முடியாது. ஃபெமின்னு காலேஜ் போற பொண்ணு இருக்கா. இருபது வருஷத்துல நாலு தடவைதான்னு படத்துல ஒரு கணக்கு வருது இல்லையா, தியேட்டர்ல ஆளாளுக்கு அதிர்ந்த இடம். அந்த நாலு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. இந்தக் கல்யாணத்துல வாழ்க்கையே இல்லைன்னு அந்தம்மா காட்டறதுக்கு அந்த நாலுதான் ஆதாரம். கல்யாணம் முழுமை அடையலைங்கற வாதத்தை உடைக்கறதும் அதே நாலுதான். ஒரு தடவை போதும் அந்த வாதம் விழ.

அப்ப முக்கியமா என்ன மிச்சம்? கொடுமை. அடிச்சாரா? இல்ல. குடிச்சுட்டு வந்தாரா? இல்ல. இருந்தும் இல்லாத மாதிரி இருபது வருஷம் வச்சிருந்ததுதான் கொடுமைன்னா, ஏன் அப்படி இருந்தார்னு கோர்ட் கேக்கும். அந்த ஏனுக்கு பதில் ஒண்ணே ஒண்ணுதான். அதைச் சொல்லாம அந்தம்மாவால ஒரு அடி கூட நகர முடியாது. யாரையும் அசிங்கப்படுத்தணும்னு சொன்ன வார்த்தை இல்ல அது. காரணம் காட்டு, இல்லன்னா வெளிய போன்னு சொல்ற சட்டத்துக்கு முன்னாடி வேற வழியில்லாம வந்த வார்த்தை. இதைப் புரிஞ்சுக்காம ஓமனாவைத் திட்டறவங்களை நான் சும்மா விடப் போறதில்ல.

‘எலெக்‌ஷன் நேரம் பாத்து’ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. மனு போட்டா நோட்டீஸ் போகும், அப்புறம் எதிர்மனு. 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்துல 9-வது பிரிவுப்படி சமரசத்துக்கு முயற்சி பண்ணணும், அது முடியலைன்னாத்தான் சாட்சி விசாரணை. வாய்தா தேதி குடுக்கறது கோர்ட், மனுதாரர் இல்ல. இதுல எந்த நாள் எலெக்‌ஷனோட மோதும்னு யார் திட்டம் போட முடியும்?

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். ‘இருபது வருஷம் சும்மா இருந்தவ’ விஷயம். கதை நடக்கறது 2023 வாக்குலன்னு வச்சுக்கிட்டா கல்யாணம் 2003 பக்கம். அப்ப தன்பாலின உறவைக் குற்றமாக்கின இந்திய தண்டனைச் சட்டம் 377-வது பிரிவு முழுசா உயிரோட இருந்துச்சு. மாத்யூ வாயத் திறந்து எனக்கு இப்படி ஒரு உறவு இருக்குன்னு சொல்லியிருந்தா, அது குற்றத்தை ஒப்புக்கிட்ட மாதிரி. 2009-ல டெல்லி உயர் நீதிமன்றம் அது குற்றமில்லைன்னு சொல்லுச்சு, 2013 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி மறுபடி குற்றமாக்குச்சு, 2018 செப்டம்பர் 6-லதான் வயசு வந்தவங்க சம்மதத்தோட இருந்தா குற்றமில்லைன்னு முடிவாச்சு. இந்த இருபது வருஷத்துல பெரும்பகுதி, அந்த வீட்டுல உண்மை பேசறதுக்கே ஜெயில் பயம் இருந்திருக்கு. அந்தம்மா சும்மா இருக்கல மக்களே, ரெண்டு பேருமே அடைபட்டு இருந்தாங்க.

அப்புறம் 2023 அக்டோபர் 17-ம் தேதி, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட வழக்குல உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதி அமர்வு முடியாதுன்னு சொல்லிருச்சு. அதுக்கு அடுத்த மாசம் இந்தப் படம் வருது. அந்த நேரத்துல 72 வயசு சூப்பர் ஸ்டார், தன் சொந்தக் கம்பெனிப் பணத்தைப் போட்டு இந்த வேஷத்தைக் கட்டறார்னா, எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

சரி, எப்படிப் பாக்கணும்? இது தனியாச் சொல்லியே ஆகணும், ஏன்னா இதுலதான் பலர் சொதப்பறாங்க. ஓடிடில ப்ரைம் வீடியோலதான் வந்துச்சு. ‘காதல்’னு மட்டும் தேடினா வேற ஒரு லிஸ்ட்டே வந்து நிக்கும். ‘தி கோர்’ சேர்த்துப் போடுங்க, இல்ல மம்மூட்டி பேரைப் போடுங்க. ஆடியோ மலையாளம், சப்டைட்டில் ஆன். சப்டைட்டில் சின்னதா வெள்ளையா வந்து வெளிச்சமான காட்சியில கரைஞ்சு போகுதா? செட்டிங்ஸ்ல எழுத்தைப் பெரிசாக்கி, பின்னணியில கறுப்புப் பட்டை வையுங்க. ஒரே நிமிஷ வேலை.

அதை விட முக்கியம் டிவி. தயவு செஞ்சு பிக்சர் மோடை ‘விவிட்’ல வைக்காதீங்க! சினிமா மோட் இல்லன்னா ஃபிலிம்மேக்கர் மோட். மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும், அதைக் கண்டுபிடிச்சு ஆஃப் பண்ணுங்க. ஏன் இவ்வளவு கத்தறேன்னா, சாலு கே. தாமஸோட ஒளிப்பதிவுல வீட்டுக்குள்ள வர்ற காட்சிகள் எல்லாம் மங்கின வெளிச்சம். விவிட்ல போட்டா அந்த வீடு துணிக்கடை விளம்பரம் மாதிரி பளபளன்னு ஆயிடும். ஸ்மூத்திங் இருந்தா அசையாம நிக்கற ஷாட் கூட சீரியல் மாதிரி வழுக்கும். மம்மூட்டி இதுல கண்ணாலயும் தாடையாலயும் நடிச்சிருக்கார், அந்தச் சின்ன அசைவெல்லாம் அடிபட்டுப் போகும். சவுண்டும் அப்படித்தான். மாத்யூஸ் புளிக்கன் பின்னணி இசையைப் பல இடத்துல அடக்கி வாசிச்சிருக்கார், ஃபேன் சத்தத்துல போயிடும். ஹெட்ஃபோன் இருந்தா போட்டுக்கோங்க.

எங்க உத்துப் பாக்கணும்? மாத்யூவோட அப்பாவை. சாச்சன், ஆர்.எஸ். பணிக்கர். அதிகம் பேசமாட்டார். முதல் தடவை பாக்கும்போது வயசான மனுஷன், பாவம், மகன் குடும்பம் உடையுதேன்னு வாயடைச்சு உக்காந்திருக்கார்னு தோணும். அப்புறம் அவர் கூண்டுல ஏறி, மகனைப் பத்தி முன்னாடியே தெரியும், கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்னு நாந்தான் பண்ணி வச்சேன்னு ஒத்துக்கறார். அந்த இடத்துல வழக்கு மொத்தமும் திரும்பிடுது. யோசிச்சுப் பாருங்க, புருஷனைப் பெத்த அப்பாவே மருமக சொன்னது நிஜம்னு சாட்சி சொல்றார். இது தெரிஞ்சு ரெண்டாவது தடவை பாருங்க. அதே மௌனம், ஆனா இப்ப அது குற்றவாளியோட மௌனம். ஓமனாவும் வழக்கு நடக்கறப்ப அதே வீட்டுலதான் இருக்காங்க. மாத்யூ உடைஞ்சு ‘என்டெ தெய்வமே’ன்னு கதறும்போது, அதுவரைக்கும் அந்த மனுஷன் எவ்வளவு அடக்கி வச்சிருந்தார்னு அப்பத்தான் உறைக்கும்.

தங்கனை மறக்கவே கூடாது. டிரைவிங் ஸ்கூல் நடத்தறவர், சுதி கோழிக்கோடு. மாத்யூவும் அவரும் கட்டிப்பிடிக்கற காட்சி கூட கிடையாது, பார்வை மட்டும்தான். அது பயந்து போய் வெட்டினதுன்னு சிலர் எழுதறாங்க, நான் ஒத்துக்கவே மாட்டேன். ஊரே பாக்கற வார்டுக்குள்ள ரெண்டு பேரும் அப்படித்தான் வாழ முடிஞ்சிருக்கும். வழக்குல பேர் அடிபட்டதும் கேலி முதல்ல யார் மேல விழுதுன்னு பாருங்க. மாத்யூவுக்குப் பின்னாடி கட்சி இருக்கு, தங்கனுக்கு யார் இருக்கா? படத்துலயே எனக்கு ரொம்ப வலிச்சது அவர் முகம்தான். கேரள அரசு விருதுல சுதிக்குச் சிறப்புக் குறிப்பு கிடைச்சுது, படத்துக்குச் சிறந்த படம் விருது, ஆதர்ஷ் சுகுமாரனுக்குக் கதைக்கான விருது. பால்சன் ஸ்கரியாவும் அவரும் சேர்ந்துதான் எழுதினாங்க.

ஜோதிகா பத்திச் சொல்லணும்னு இருந்தேன்! மலையாளம் எவ்வளவு அழகா பேசறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அந்தக் குரல் ஜோமோளோடது, ஒரு காலத்து மலையாள ஹீரோயின். முகம் ஒருத்தர், குரல் இன்னொருத்தர், தையல் எங்கயும் தெரியல. பாராட்டறப்ப ரெண்டு பேரையும் சேர்த்துப் பாராட்டுங்க.

கடைசியா, இதே நிலைமையில இருக்கேன், வக்கீலுக்குக் குடுக்கக் காசில்லன்னு ஒரு சகோதரி எழுதியிருந்தாங்க. உங்க பேரைப் படிக்க மாட்டேன், கமெண்ட்டையும் மறைச்சாச்சு. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்துல 12-வது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்னு கேளுங்க, இல்லன்னா 15100-க்குப் போன் போடுங்க. கல்யாணப் பத்திரம், ரெண்டு பேர் அடையாள அட்டை நகல், குழந்தை பிறப்புச் சான்றிதழ், இவ்வளவையும் எடுத்துட்டுப் போங்க. குடும்ப நீதிமன்றத்துல நீங்க கேட்டா, 11-வது பிரிவுப்படி விசாரணையை மூடின அறையில நடத்தணும். அதை முதல் வாய்தாவுலயே வக்கீல்கிட்ட சொல்லிடுங்க.