பாட்டிக்குக் குனிந்த வண்டி

நடுவர் அவர்களே, வணக்கம். பொங்கல் இரவில் கோயில் மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் சுங்கை சிப்புட் மக்களே, உங்களுக்கும் வணக்கம். 'பழைய சொகுசு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வீட்டுக்குச் சொத்தா, சுமையா?' என்பது தலைப்பு. சொத்துதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி பழைய கார் வாங்கி விற்பவர். லட்சக்கணக்கில் விலை போன வண்டி இன்றைக்குப் பத்தாயிரம் மலேசிய வெள்ளிக்கு நிற்கிறது, அதை வாசலில் வைத்துக் கும்பிடுவது அறிவா என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். தம்பி, விலை ஏன் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நம் நாட்டில் காருக்குக் கலால் வரி மட்டும் 60 முதல் 105 சதவீதம் வரை. முதலில் வாங்கியவர் கொடுத்ததில் பெரும்பங்கு அரசாங்கத்துக்குப் போனது. அது திரும்பி வராது. பெரிய இஞ்சின் என்பதால் சாலை வரியும் அதிகம். வயதான வண்டிக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும், அதனால் வாங்குகிறவர் ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்துதான் விலையை இறக்குகின்றன. வண்டிக்கு மதிப்பில்லை என்று இதில் எங்கே வருகிறது?

அந்த விலை இறங்கியதால்தான் வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா தோட்டத்து லாரி டிரைவர். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், அம்மாவிடம்கூடச் சொல்லாமல் 28,000 வெள்ளிக்கு ஒரு பச்சை நிற வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். வெளியேதான் நிற்கிறது, காதில் விழுந்தால் கோபித்துக்கொள்ளும். அம்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. அது தனிப் பட்டிமன்றம்.

குறையை மறைக்கவில்லை. அதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பை. ரப்பரில் வெடிப்பு விட்டால் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்து ஒருநாள் கருகிப்போகும். ரப்பரால் எழுந்த ஊரில் ரப்பரால் உட்கார்ந்துபோன ஒரே வண்டி எங்களுடையது! இரவில் நிமிர்ந்து நிற்கும், காலையில் பார்த்தால் மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் 'ங்...ங்...' என்று முனகி முதலில் பின்பக்கம் எழும், அப்புறம் முன்பக்கம். அதற்குள் அப்பா ஒரு கோப்பி குடித்துவிடுவார்.

பட்டறைக்காரர் ஒரு யோசனை சொன்னார். காற்றுப் பையைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருள் ஸ்பிரிங் போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது, விற்கவும் சுலபம். பலர் செய்வதுதான். அப்பா முடியவே முடியாது என்றார். காரணம் எங்கள் பாட்டி.

பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்து மண் ரோட்டில் வெள்ளைக்காரத் துரையின் லேண்ட் ரோவர் வந்தால், பால் வாளியோடு ஓரத்தில் ஒதுங்கி, வண்டி போகும்வரை தலையைக் குனிந்து நிற்பாராம். வயதான காலத்தில் முட்டி மடங்கவில்லை, உயரமான வண்டியில் ஏற முடியவில்லை. அப்பா ஒரு பொத்தானை அழுத்துவார். அவ்வளவு பெரிய வண்டி மெதுவாக இறங்கிக் கொடுக்கும். இறங்குவது ஒரு கை உயரம்கூட இருக்காது. பாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா, துரை வண்டி எனக்குக் குனியுதுடா" என்று சிரிப்பார். இரும்பு ஸ்பிரிங் குனியாது நடுவர் அவர்களே.

துரை கழித்துப் போட்டதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்றும் தம்பி கேட்டார். இந்த ஊரில் நின்று கேட்கிற கேள்வியா அது? வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், நம் ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டத்தைத் தாங்களே வாங்கத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பாட்டியும் 10 வெள்ளி கட்டியவர்தான். அந்தச் சீட்டு இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. தோட்டமும் வண்டியும் ஒன்றா என்றால் இல்லைதான். தோட்டம் லாபம் தந்தது, வண்டி பெட்ரோல் குடிக்கிறது. ஆனால் துரை இறங்கிய இடத்தில் ஏறி உட்காரும் சந்தோஷத்துக்குத் தம்பியின் கடையில் விலைச்சீட்டு உண்டா?

போன வருடம் ஒருவர் வந்து 9,000 வெள்ளி கொடுக்கிறேன் என்றார். அந்தப் பணத்துக்கு ஒரு பழைய சின்னக் கார் வரும், அதுவும் நல்ல காராக இருக்காது. அப்பா அவருக்குக் கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். பாட்டி போய் நான்கு வருடமாகிறது. அப்பா இன்னும் அந்த ரப்பர் பையைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், தெரிகிறது. ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல எழுந்ததும் யாராவது போய் வெளியே நிற்கும் பச்சை வண்டியை ஸ்டார்ட் செய்து வையுங்கள். அது எழும்ப நேரமாகும்.