ஜனவரி 26-ஐ மாற்றினால் என்ன?

வணக்கம் நண்பர்களே. காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிட்னி சர்க்குலர் கீயில் நிற்கிறேன். வலப்பக்கம் ஓப்பரா ஹவுஸ், இடப்பக்கம் ஹார்பர் பாலம். இன்று ஜனவரி 26, ஆஸ்திரேலியா தினம். இந்தப் பக்கம் கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு பிள்ளைகள் ஓடுகிறார்கள். அந்தப் பக்கம் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் நிறப் பழங்குடிக் கொடி போட்ட சட்டையோடு ஒரு குடும்பம் பேருந்துக்குப் போகிறது. ஒரே விடுமுறை, இரண்டு வேலை.

நான் நிற்கிற இடத்துக்குப் பின்னால், தெருக்களுக்கு அடியில், டாங்க் ஸ்ட்ரீம் என்கிற ஓடை இன்னும் ஓடுகிறது. இப்போது அது வெறும் மழைநீர் வடிகால். 1788-ல் அந்தத் தண்ணீருக்காகத்தான் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஆர்தர் பிலிப் இங்கே வந்தார். 11 கப்பல்களோடு முதலில் போய்ச் சேர்ந்தது பாட்டனி பே. அங்கே நல்ல தண்ணீர் போதவில்லை, கப்பல்களுக்கும் பாதுகாப்பான துறை இல்லை. அதனால் இந்தப் பக்கம் வந்து, ஜனவரி 26 அன்று கடிகல் என்ற பழங்குடி மக்களின் மண்ணில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். முறைப்படி காலனி என்று அறிவிப்பு வாசித்தது பிப்ரவரி 7-ல்தான். ஆக, தேசிய நாளாக நாம் கொண்டாடுவது ஒரு கொடியேற்றத்தை. அந்த மண்ணுக்கு உரியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் குடியுரிமை வாங்கியதும் ஒரு ஜனவரி 26-ல்தான். கவுன்சில் மண்டபத்துக்கு வெளியே, நல்ல வெயிலில், பழங்குடி மூத்தவர் ஒருவர் வரவேற்புச் சடங்காக யூகலிப்டஸ் இலைகளைப் போட்டுப் புகை மூட்டினார். ஒவ்வொருவராக அந்தப் புகைக்குள் நடந்து உள்ளே போனோம். உறுதிமொழி எடுத்தோம், சான்றிதழோடு பாட்டில்பிரஷ் மரக்கன்று ஒன்றும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது புகை வாசனை. அப்போதுதான் உறைத்தது. யாருடைய நிலத்தைக் கேட்காமல் எடுத்தார்களோ, அவர்தான் அதே தேதியில் வாசலில் நின்று என்னை வா என்று அழைத்திருக்கிறார். (இப்போது அந்தத் தேதியில்தான் விழா நடத்த வேண்டும் என்ற கட்டாயம் கவுன்சில்களுக்கு இல்லை. முன்னே பின்னே மூன்று நாள் தள்ளிக்கொள்ளலாம்.)

இது நேற்று இணையத்தில் கிளம்பிய சண்டை என்று நினைக்கிறவர்களுக்காக 1938-க்குப் போவோம். 150-வது ஆண்டு. பிலிப் வந்து இறங்கியதை, இதோ ஓப்பரா ஹவுஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபார்ம் கோவ் என்கிற சிறு விரிகுடாவில், நாடகமாக நடித்துக் காட்டினார்கள். பயந்து பின்வாங்கும் 'சுதேசிகளாக' நடிக்க, மாநிலத்தின் மேற்குக் கோடியில் மெனின்டியிலிருந்து பழங்குடி ஆண்களைக் கூட்டி வந்து, ரெட்ஃபெர்ன் போலீஸ் பாசறையில் தங்க வைத்திருந்தார்கள். அதே நாள், இங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், எலிசபெத் தெரு ஆஸ்திரேலியன் ஹாலில், பழங்குடித் தலைவர்கள் ஜாக் பேட்டனும் வில்லியம் ஃபெர்குசனும் 'துக்க நாள்' கூட்டம் நடத்தினார்கள். கேட்டது முழுக் குடியுரிமை. அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே நாளில்!

"காலங்காலமாக இருக்கிற வழக்கத்தை மாற்றலாமா?" என்று ஒரு கேள்வி வரும். எவ்வளவு காலம்? 1915-ல் 'ஆஸ்திரேலியா தினம்' என்று முதன்முதலில் கொண்டாடியது ஜூலை 30-ல், போர் நிதி திரட்டுவதற்காக. ஜனவரி 26-க்கு நியூ சவுத் வேல்ஸில் ரொம்ப நாள் வேறு பெயர்தான். நாடு முழுக்க சரியாக அதே தேதியில் விடுமுறை என்பது 1994-லிருந்துதான். அதற்கு முன் பல மாநிலங்களில் பக்கத்துத் திங்கட்கிழமைக்குத் தள்ளி, நீண்ட வாரக்கடைசியாக அனுபவித்தார்கள். என் வீட்டு அம்மிக்கல்லுக்கு அதைவிட வயது அதிகம்.

நமக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவின் குடியரசு தினமும் இதே தேதி. 1929 டிசம்பர் லாகூர் காங்கிரசில் பூரண சுயராஜ்யம் என்று தீர்மானித்து, 1930 ஜனவரி 26-ஐ சுதந்திர தினமாகவே கொண்டாடினார்கள். கடைசியில் விடுதலை வந்தபோது ஆகஸ்ட் 15 என்று நாள் குறித்தவர் மவுன்ட்பேட்டன். ஆனால் அரசியல் சட்டத்தை 1949 நவம்பர் 26-ல் ஏற்றுக்கொண்ட பிறகும், அந்தப் பழைய தேதிக்காகவே இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26-ல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வந்தவர் குறித்த தேதி ஒன்று, நாமே குறித்துக்கொண்ட தேதி ஒன்று. இங்கே இருப்பது முதல் ரகம்.

சரி, எந்தத் தேதிக்கு மாற்றுவது? கூட்டாட்சி பிறந்த 1901 ஜனவரி 1 இருக்கிறதே என்பார்கள். முந்தின நாள் இரவு விழித்தவன் எவன் காலையில் கொடியேற்றப் போவான்? மே 8 என்று ஒரு சாரார். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'மேட்' (mate, நண்பா) என்று கேட்கும், அவ்வளவுதான் காரணம். என் ஓட்டு மார்ச் 3-க்கு. 1986-ல் அன்றுதான் ஆஸ்திரேலியா சட்டம் அமலுக்கு வந்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்த நாட்டுக்குச் சட்டம் போடுகிற அதிகாரம் முடிந்தது. என் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் அந்தத் தேதி தெரியவில்லை. பழங்குடி மக்களுக்கும் அதில் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் வீட்டிலும் அது இழவு நாள் இல்லை.

பழங்குடியினர் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செனட்டர் ஜசின்டா நாம்பிஜின்பா பிரைஸ், தேதி அப்படியே இருக்கட்டும் என்கிறார். எந்தத் தேதியிலும் கொண்டாட வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல பழங்குடியினருக்கு ஒரு குழு வேண்டுமா என்று கேட்ட வாய்ஸ் வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகு, இதைத் தொட எந்த அரசியல்வாதிக்கு மனசு வரும்?

இதையெல்லாம் நான் புத்தகம் பார்த்துப் புரிந்துகொண்டேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு அது தேவைப்படவில்லை. "எங்கட பிப்ரவரி 4 மாதிரித்தானே" என்றார். இலங்கையின் சுதந்திர தினம், அங்குள்ள தமிழர்கள் பலர் கரிநாளாக அனுசரிப்பது.

அவர்தான் இப்போது போன் செய்கிறார். விக்டோரியா பார்க்கில் யாபுன் என்கிற பழங்குடி மக்களின் விழா தொடங்கிவிட்டதாம், நிழலில் இடம் பிடித்து வைத்திருக்கிறாராம். பேருந்து வந்துவிட்டது, அங்கே போய்க் கேமராவைத் திறக்கிறேன்.