‘லுக்ட் ஆஃப்டர் பை’: அந்தச் சின்னச் சொல்லை விட்டுவிடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. ‘ராமா கில்ட் ராவணா, ராவணா வாஸ் கில்ட் பை ராமா’. ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு இதுதான் ஞாபகம் வரும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் வெளியே வந்து காதில் விழுகிற இங்கிலீஷைக் கொஞ்சம் கவனியுங்கள். மழை பெய்தால் ‘தி மேட்ச் வாஸ் கால்டு ஆஃப்’ என்கிறார்கள். ஆபீஸில் ‘தி மீட்டிங் ஹாஸ் பீன் புட் ஆஃப்’. ஏதாவது புகார் கொடுத்தால் போனுக்கு ஒரு மெசேஜ் வரும், ‘யுவர் கம்ப்ளெயின்ட் இஸ் பீயிங் லுக்ட் இன்டு’. ஐடி கம்பெனியில் வேலை போனவரைப் பற்றி ‘ஹி வாஸ் லெய்டு ஆஃப்’. இதில் எதுவுமே கில்ட் மாதிரி ஒற்றைச் சொல் வினை இல்லை. வினைக்குப் பின்னால் ஆஃப், இன்டு, ஆஃப்டர் என்று ஒரு சின்னச் சொல் தொற்றிக்கொண்டே வருகிறது. அந்தச் சின்னச் சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்த நர்ஸ் ஒருவர் தன் அனுபவத்தை ஒரு கடிதமாக எழுதிக் கொண்டுவந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர், வேலையில் கெட்டிக்காரர். கடிதத்தில் ‘தி பேஷன்ட்ஸ் வேர் லுக்ட் பை மீ’ என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு சொல் குறைகிறது, ஆஃப்டர். அது இல்லாததால் அவர் கண் விழித்துச் செய்த வேலை அந்த வாக்கியத்திலேயே இல்லாமல் போய்விட்டது. ‘லுக்ட் அட்’ என்று போட்டால் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி. ‘லுக்ட் இன்டு’ என்றால் விசாரணை. ‘லுக்ட் ஃபார்’ என்றால் நோயாளியைக் காணோம் என்று தேடிய மாதிரி! ‘லுக்ட் ஆஃப்டர்’ என்றால்தான் கவனித்துக்கொண்டேன் என்று பொருள். லுக் என்பது பாதி வினை, மீதி அந்தச் சின்னச் சொல்லில் இருக்கிறது.

இத்தனைக்கும் அவருக்கு லுக் ஆஃப்டர் தெரியாதா? நன்றாகத் தெரியும். ‘ஐ லுக்ட் ஆஃப்டர் தி பேஷன்ட்ஸ்’ என்று அதே கடிதத்தில் இன்னோர் இடத்தில் சரியாக எழுதியிருக்கிறார். பாசிவாகத் திருப்பும்போதுதான் ஆஃப்டர் விழுகிறது. ஏன் விழுகிறது என்று யோசித்துப் பார்த்தால், நாம் தமிழில் யோசிக்கிற விதம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் ஐ, கு, இல் எல்லாம் பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். பெயர்ச்சொல்லை வாக்கியத்தில் எங்கே நகர்த்தினாலும் உருபும் கூடவே போகும். அதே பழக்கத்தில் ‘தே லாஃப்ட் அட் மீ’ என்பதைக் கேட்டால் அட் என்பது மீயோடு சேர்ந்தது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. பிறகு மீ போய் முன்னால் ஐ ஆனதும், அட்டுக்கு இனி வேலையில்லை என்று விட்டுவிடுகிறோம். ‘ஐ வாஸ் லாஃப்ட் பை தெம்’ என்று எழுதிவிடுகிறோம். இங்கிலீஷில் அந்த அட் வினையோடு நிற்கிறது. பெயர்ச்சொல் எங்கே போனாலும் அது நகராது. ‘ஐ வாஸ் லாஃப்ட் அட் பை தெம்’.

அட் பை என்று இரண்டு சின்னச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவது பலருக்கு உறுத்துகிறது. ஏதோ தப்பு மாதிரி இருக்கிறது சார் என்பார்கள். தப்பே இல்லை. ‘லுக்ட் டவுன் ஆன் பை அதர்ஸ்’ என்று மூன்று சேர்ந்தாற்போல் வரும், அதுவும் சரி. டவுனும் ஆனும் வினையின் சொத்து. பை மட்டும்தான் செய்தவரைச் சொல்ல வந்தது.

காதும் கொஞ்சம் ஏமாற்றும். ‘கால்டு ஆஃப்’ என்று சொல்லும்போது அழுத்தம் ஆஃப் மேல் விழுகிறது, அதனால் அதை யாரும் விடுவதில்லை. ‘லாஃப்ட் அட்’டில் அழுத்தம் லாஃப் மேல் விழும். அட் மெல்லிசாகப் போய்விடும். வாயால் சொல்லிப் பாருங்கள், நீங்களே கவனிப்பீர்கள்.

சரி, இப்போது கிரிக்கெட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் என்னால் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. 2019 உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர், இந்தியாவும் நியூசிலாந்தும். ஜூலை 9 அன்று நியூசிலாந்து 46.1 ஓவரில் 211 எடுத்திருந்தபோது மழை வந்துவிட்டது. ‘பிளே வாஸ் ஹெல்டு அப் பை ரெயின்’. பார்த்தீர்களா, அப் பை, பக்கத்தில் பக்கத்தில்! அன்றைக்கு ஆட்டம் திரும்பத் தொடங்கவே இல்லை. ‘தி மேட்ச் வாஸ் கேரீடு ஓவர் டு தி ரிசர்வ் டே’. மறுநாள் நியூசிலாந்து 239-இல் முடித்தது. நம் பக்கம் ரோஹித், ராகுல், கோலி மூவரும் ஆளுக்கு ஒரு ரன்னில் அவுட். அப்புறம் ஜடேஜா வந்து 77 அடித்தார், தோனி இன்னொரு பக்கம் நின்றார், நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. 49-ஆவது ஓவரில் தோனி இரண்டாவது ரன்னுக்கு ஓடுகிறார், மார்ட்டின் கப்டில் தூரத்திலிருந்து எறிகிறார், பந்து நேராக ஸ்டம்பில். ‘தோனி வாஸ் ரன் அவுட் பை கப்டில்’. ‘இந்தியா வேர் போல்டு அவுட் ஃபார் 221’. 18 ரன்னில் தோற்றோம்.

ஒரே மேட்ச்சில் ஹெல்டு அப், கேரீடு ஓவர், ரன் அவுட், போல்டு அவுட் என்று எத்தனை வந்துவிட்டன பாருங்கள். கிரிக்கெட் பார்க்கிற எந்தப் பையனும் ‘தோனி வாஸ் ரன் பை கப்டில்’ என்று சொல்லமாட்டான். அவுட்டை விட மாட்டான். அதே பையன் பரீட்சையில் லுக்ட் ஆஃப்டரில் ஆஃப்டரை விடுகிறான். ரன் அவுட் என்பதை முழுசாக ஒரே சொல்லாகக் காதில் வாங்கியிருக்கிறான், லுக் ஆஃப்டரை இரண்டாகப் பிரித்துப் படித்திருக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதே ரன் அவுட்டை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆக்டிவில் ‘கப்டில் ரேன் ஹிம் அவுட்’. ஹிம் நடுவில் வந்து உட்காரும். ஆனால் ‘ஷி லுக்ட் ஹிம் ஆஃப்டர்’ என்று சொல்ல முடியாது, ‘லுக்ட் ஆஃப்டர் ஹிம்’தான். எந்த வினை பிரியும், எந்த வினை பிரியாது என்று ஆக்டிவில் பெரிய தலைவலி. இலக்கணப் புத்தகத்தில் ஒன்றுக்கு பிரேசல் வெர்ப், இன்னொன்றுக்கு பிரிபொசிஷனல் வெர்ப் என்று தனித்தனிப் பெயர் வைத்திருப்பார்கள். பாசிவில் இந்தத் தலைவலியே கிடையாது. நடுவில் உட்கார வேண்டியவர் எழுந்து முன்னால் போய்விட்டார். ‘ஹி வாஸ் ரன் அவுட்’, ‘ஹி வாஸ் லுக்ட் ஆஃப்டர்’, இரண்டும் ஒரே அச்சு. இன்ஜினோடு கோத்த பெட்டி மாதிரி சின்னச் சொல் வினைக்கு அடுத்தே நிற்கும். பாசிவ் கஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். இந்த வினைகளைப் பொறுத்தவரை பாசிவ்தான் சுலபம். மறுபடியும் சொல்கிறேன், பாசிவ்தான் சுலபம்.

எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நடக்கிறது. ‘தி இஷ்யூ வாஸ் டிஸ்கஸ்டு அபவுட் இன் தி மீட்டிங்’. டிஸ்கஸுக்கு அபவுட் தேவையே இல்லை, ‘வாஸ் டிஸ்கஸ்டு’ என்று நிறுத்திவிடலாம். அதே மாதிரி வண்டி ரிப்பேராகி நின்றுவிட்டால் ‘மை பைக் புரோக் டவுன்’ போதும், அதற்குப் பாசிவ் கிடையாது. வீட்டில் திருடன் புகுந்தால் ‘தி ஹவுஸ் வாஸ் புரோக்கன் இன்டு’, இங்கே இன்டு கட்டாயம் வேண்டும். விட்டால் யாரோ வீட்டை இரண்டாக உடைத்த மாதிரி ஆகிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இதன் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. மிகப் பழைய இங்கிலீஷில் இந்த ‘லாஃப்ட் அட்’ வகைப் பாசிவ் இல்லை, இடைக்காலத்தில்தான் வந்தது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘திஸ் பெட் ஹாஸ் பீன் ஸ்லெப்ட் இன்’ என்று ஒரு வாக்கியம் உண்டு. கசங்கிய படுக்கையைப் பார்த்து, இதில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று சொல்வது. படுத்தது யார் என்று சொல்லாமலே படுக்கைக்கு என்ன ஆயிற்று என்று அந்த இன் சொல்லிவிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. அப்புறம் டேக்கன் கேர் ஆவ், மேட் ஃபன் ஆவ், டேக்கன் அட்வான்டேஜ் ஆவ், இந்த மூன்றிலும் கடைசி ஆவ் கட்டாயம் வரும், பின்னால் பை வந்தாலும் வரும். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.