கத்துகிறவரும் கொஞ்சுகிறவரும் ஒரே ஆளா? – எரிக் டால்ஃபி பற்றி ஒரு நேயர் கேள்வி

ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பற்றி நான் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் அனுப்பிய கேள்வி இது: "எரிக் டால்ஃபி சாக்ஸஃபோனை எடுத்தால் கத்துகிறார், ஃப்ளூட்டை எடுத்தால் கொஞ்சுகிறார். இரண்டும் ஒரே ஆள்தானா?" படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் அது மனதை விட்டுப் போகவே இல்லை.

ஒரே ஆள்தான். 1928இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜாஸ் கலைஞர். ஆல்டோ சாக்ஸ் (சாக்ஸஃபோனில் ஒரு வகை), ஃப்ளூட், கிளாரினெட்டிலேயே கனத்த குரலுள்ள பேஸ் கிளாரினெட் மூன்றையும் வாசித்தவர். ஆனால் கத்தலை ஒரு கருவிக்கும் கொஞ்சலை இன்னொன்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

1960 டிசம்பர் 21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பப் பதிவு. இரண்டு குழுக்கள், எட்டுப் பேர், ஒரே சந்தைக்கடை. டால்ஃபி அதில் பேஸ் கிளாரினெட். அதே நாளில் தன்னுடைய 'ஃபார் க்ரை' ஆல்பத்தையும் பதிவு செய்தார். அதில் 'டெண்டர்லி' கேளுங்கள். பியானோ கிடையாது, டிரம்ஸ் கிடையாது, ஆல்டோ சாக்ஸ் மட்டும் தனியாக. அதைக் கத்தல் என்பீர்களா?

மறுபக்கம், 1964 பிப்ரவரியில் பதிவான டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' ஆல்பம். அதில் 'கசெல்லோனி' என்று ஒரு உருப்படி. இத்தாலிய ஃப்ளூட் கலைஞர் செவெரினோ கசெல்லோனியின் பெயரை வைத்திருக்கிறார். அங்கே ஃப்ளூட் கொஞ்சவே கொஞ்சாது.

நான் எப்போதும் சொல்வதுதான், திரும்பவும் சொல்கிறேன்: டால்ஃபியிடம் தாவலைக் கவனியுங்கள். பக்கத்து ஸ்வரத்துக்குப் போவார் என்று காது காத்திருக்கும். அவர் எங்கேயோ மேலே ஏறி நிற்பார். சாக்ஸில் அந்தத் தாவல் கத்தலாகக் கேட்கிறது, ஃப்ளூட்டில் பறவையாகக் கேட்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பறவை என்று சும்மா சொல்லவில்லை. 1962இல் 'டவுன்பீட்' என்ற அமெரிக்க ஜாஸ் பத்திரிகையில் கோல்ட்ரேனும் அவரும் சேர்ந்து விமர்சகர்களுக்குப் பதில் சொன்னார்கள். முந்தின வருஷம்தான் அதே பத்திரிகையில் இவர்கள் வாசிப்பதை 'ஜாஸுக்கு எதிரானது' என்று ஒருவர் எழுதியிருந்தார். டால்ஃபி சொன்ன பதில்: கலிஃபோர்னியா வீட்டில் வாசிக்கும்போது பறவைகளும் கூடவே பாடும், கையிலிருப்பதை விட்டுவிட்டு அவற்றோடு வாசிப்பேன், நம் ஸ்வரங்களுக்கு நடுவில் அவற்றுக்கு ஸ்வரம் இருக்கிறது. இந்திய இசையிலும் அந்தக் குணம் இருக்கிறது என்றார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்க வேண்டுமா?

என்னைக் கேட்டால், 'எங்கே தொடங்குவது' என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 1964 ஜூன் 2, ஹாலந்தின் ஹில்வர்சம் நகரில் செய்த பதிவு, 'லாஸ்ட் டேட்'. அதில் 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்', ஃப்ளூட்டில், பதினோரு நிமிடத்துக்கு மேல். மெட்டைச் சுற்றிச் சுற்றி வருவார், தொடுவார், நழுவுவார். அதே மாதம் 29ஆம் தேதி பெர்லினில் இறந்துபோனார். சர்க்கரை நோய், இருப்பதே அவருக்குத் தெரியாது. வயது 36.

அவருடைய ஃப்ளூட்டையும் பேஸ் கிளாரினெட்டையும் அவர் தாயார் கோல்ட்ரேனுக்குக் கொடுத்தார். கோல்ட்ரேனின் 'எக்ஸ்பிரஷன்' ஆல்பத்தில் 'டு பி' என்பதில் கோல்ட்ரேனே ஃப்ளூட் வாசித்திருக்கிறார். முதலில் ஹில்வர்சம் பதிவு, அதன் பிறகு இது. இந்த வரிசையிலேயே கேளுங்கள்.