பேஸ்பால்ல ஒரு ஜெர்சி நம்பரை ரிட்டயர் பண்ண என்ன தகுதி வேணும்?

அடுத்த கேள்விக்கு வருவோம். "அமெரிக்க பேஸ்பால்ல சில வீரர்களோட நம்பரை இனிமே யாருக்கும் தரமாட்டோம்னு எடுத்து வெச்சுடறாங்களே, அதுக்கு விதி ஏதாவது இருக்கா, இல்ல அவங்கவங்க இஷ்டமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

பொது விதின்னு ஒண்ணும் கிடையாதுங்க. அங்க உச்ச மட்டத்துப் போட்டியான மேஜர் லீக்ல எல்லா டீமுக்கும் சேர்த்து எடுத்து வெச்ச நம்பர் ஒண்ணே ஒண்ணுதான், நிறத்தடையை உடைச்ச கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனோட 42. அது 1997-ல நடந்தது. மத்ததெல்லாம் அந்தந்த டீமோட முடிவு. முதல்ல ஆரம்பிச்சது நியூயார்க் டீமான யாங்கீஸ். 1939-ல அவங்க வீரர் லூ கெரிக் நோயில விழுந்து ஆட முடியாமப் போனப்ப, அவரோட 4-ஐ எடுத்து வெச்சாங்க. இன்னிக்கு அவங்ககிட்ட 1-லேர்ந்து 9 வரைக்கும் ஒரு நம்பர்கூட மிச்சமில்ல.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் இதுல ரொம்பக் கறார். ஹால் ஆஃப் ஃபேம்ல (தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கற பட்டியல்) இடம் பிடிச்சிருக்கணும், நம்மகிட்ட 10 வருஷம் ஆடியிருக்கணும், கடைசி ஆட்டமும் நம்ம டீம்லயே ஆடியிருக்கணும்னு வெச்சிருந்தாங்க. ஆனா கார்ல்டன் ஃபிஸ்க் ஆட்டத்தை முடிச்சது சிகாகோவுல. ஜானி பெஸ்கி ஹால் ஆஃப் ஃபேம்லயே இல்ல. பெட்ரோ மார்ட்டினஸ் பாஸ்டனுக்கு ஆடினது 7 சீசன்தான். மூணு பேர் நம்பரையும் ரிட்டயர் பண்ணிட்டாங்க. பண்ணினது சரின்னுதான் நான் சொல்லுவேன்.

ஹால் ஆஃப் ஃபேமை அளவுகோலா வெக்கறதுல எனக்கு உடன்பாடே கிடையாது. அதுக்கு ஓட்டு போடறவங்க நாடு முழுக்க இருக்கற விளையாட்டு நிருபர்கள். 75 சதவீதம் ஓட்டு வாங்கணும். ஆனா நம்பர் அந்த ஊர் ஜனங்களோடது இல்லையா?

டாட்ஜர்ஸோட ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவை எடுத்துக்குங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல அவங்க ஸ்டேடியம் இருக்கற சாவேஸ் ரவீன்ல ஒரு காலத்துல மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் இருந்தாங்க. 1950-கள்ல அவங்களைக் காலி பண்ண வெச்சாங்க. அந்த மனக்கசப்பு ரொம்ப நாள் இருந்தது. 1981-ல மெக்சிகோவுலேர்ந்து வந்த 20 வயசுப் பையன் பந்து வீசறான். வீசறதுக்கு முன்னாடி காலைத் தூக்கும்போது கண்ணு ரெண்டும் வானத்தைப் பார்க்கும், அப்புறம்தான் பந்து கையை விட்டுப் போகும். முதல் எட்டு ஆட்டமும் ஜெயிச்சான். அந்த ஒரே சீசன்ல சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதையும் சிறந்த புதுமுகம் விருதையும் சேர்த்து வாங்கினான். அதுக்கு முன்னாடி யாரும் அப்படி வாங்கினதில்ல. அவன் ஆடற அன்னிக்கு மெக்சிகோக்காரங்க குடும்பம் குடும்பமா வந்து ஸ்டேடியத்தை நிறைச்சாங்க.

ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டுல அவருக்கு ரெண்டாவது வருஷமே 5 சதவீதம்கூட வரல, பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. டாட்ஜர்ஸும் ஹால் ஆஃப் ஃபேம்ல இருந்தாத்தான்னு தங்களோட விதியைக் காட்டியே தள்ளிப் போட்டாங்க. இத்தனைக்கும் 1978-லயே தங்களோட பழைய வீரர் ஜிம் கில்லியமுக்காக அதே விதியைத் தளர்த்தினவங்க! ஒண்ணு கவனிங்க, 1991-ல வலென்சுவேலாவை அனுப்பினதுக்கு அப்புறம் அவர் போட்ட 34-ஐ டாட்ஜர்ஸ்ல வேற யாருமே போட்டதில்ல. ஊர் முடிவு பண்ணி முப்பது வருஷத்துக்கு மேல ஆகி, 2023 பிப்ரவரியிலதான் அந்த நம்பரை ரிட்டயர் பண்றதா டீம் அறிவிச்சுது. ஆகஸ்ட்ல நடந்த விழாவுக்கு அவர் இருந்தார். 2024 அக்டோபர்ல காலமாயிட்டார்.