நாற்பது என்றால் எந்த நாற்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குச் சித்தி மகன்கள் இரண்டு பேர். பெரியவன் அமெரிக்காவில், சின்னவன் இங்கிலாந்தில். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் போன் பண்ணி ஒரே பெருமையைச் சொன்னார்கள்: “அண்ணே, என் கார் நாற்பது குடுக்குது.” லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் அது பைக் கணக்கு. இவர்கள் சொன்னது கேலனுக்கு 40 மைல். அப்படியானால் இரண்டு வண்டியும் சமம்தானே என்று கேட்பீர்கள். சமம் இல்லை. ஏனென்றால் இரண்டு பேருடைய கேலனும் வேறு வேறு.

அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். இங்கிலாந்தில் ஆன் அரசி காலத்தில் ஒயின் அளக்க வைத்திருந்த அளவு அது. அமெரிக்கர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தோ 1824-இல் சட்டம் போட்டு, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் பாத்திரமே கேலன் என்று மாற்றிக்கொண்டது. அது 4.546 லிட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு பெரியது. இன்னொரு வேடிக்கை: அங்கே பங்க்கில் பெட்ரோல் ஊற்றுவது லிட்டரில்தான். மைலேஜ் பேசும்போது மட்டும் கேலன் வந்துவிடும்.

மைல் என்பது 1.609 கிலோமீட்டர். இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அமெரிக்க எண்ணை 2.35-ஆல் வகுக்க வேண்டும், இங்கிலாந்து எண்ணை 2.82-ஆல் வகுக்க வேண்டும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைத்துவிடும். பெரியவன் வண்டி 17. சின்னவன் வண்டி 14-க்குக் கொஞ்சம் மேல். இணையத்தில் வெளிநாட்டு வண்டி விமர்சனம் படிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, எழுதியவர் எந்தக் கேலனில் பேசுகிறார் என்பதைத்தான்.

இதெல்லாம் வெறும் பெருக்கல், வகுத்தல். உண்மையான சிக்கல் அடுத்துதான் வருகிறது.

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும், ஆஸ்திரேலியா, கனடாவிலும் கேள்வியையே திருப்பிப் போட்டுக் கேட்கிறார்கள். ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை; 100 கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். மாற்றுவது சுலபம்: 100-ஐ நம் மைலேஜால் வகுத்தால் போதும். லிட்டருக்கு 20 என்றால் 5 லிட்டர். 5 லிட்டர் என்று அவர்கள் சொன்னால், மறுபடி 100-ஐ 5-ஆல் வகுங்கள், 20 வந்துவிடும். ஆனால் இங்கே எண் குறையக் குறையத்தான் வண்டி நல்லது. பழகக் கொஞ்சம் நாள் ஆகும்.

எதற்காக இப்படித் தலைகீழாக என்று நானும் ஒரு காலத்தில் அலுத்துக்கொண்டவன்தான். பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் மனதுக்குள் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு வண்டி. பழைய வேன் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், சின்ன கார் 20. இரண்டும் ஒரே தூரம்தான் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றக் கையில் பணம் இருக்கிறது. வேனை மாற்றினால் 8 என்பது 10 ஆகும். காரை மாற்றினால் 20 என்பது 30 ஆகும். எதில் பெட்ரோல் அதிகம் மிச்சம்?

பத்து கூடுகிறதே, கார்தான் என்று வாய் முந்திக்கொள்ளும். லிட்டரில் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு வேன் குடித்தது பன்னிரண்டரை லிட்டர், இனி 10. மிச்சம் இரண்டரை. கார் குடித்தது 5, இனி 3.3. மிச்சம் 1.7 மட்டுமே. வெறும் இரண்டு கிலோமீட்டர் கூடிய வேன் ஜெயித்துவிட்டது! இந்த மயக்கத்தை ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிக் காட்டினார்கள். அமெரிக்காவில் 2013 மாடல் வண்டிகளிலிருந்து, கண்ணாடியில் ஒட்டும் தகவல் தாளில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

சராசரி எடுக்கும்போதும் இதே வழுக்கல்தான். மலைமேல் 60 கிலோமீட்டர் ஏறும்போது லிட்டருக்கு 10, அதே வழியில் இறங்கும்போது 20. சராசரி 15 என்று சொல்லிவிடாதீர்கள். ஏற 6 லிட்டர், இறங்க 3 லிட்டர், மொத்தம் 9. 120-ஐ 9-ஆல் வகுத்தால் 13.3. லிட்டரைக் கூட்டலாம், மைலேஜைக் கூட்டக் கூடாது.

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகி, எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். லிட்டர் என்பது கன அளவு, கிலோமீட்டர் நீளம். கன அளவை நீளத்தால் வகுத்தால் கிடைப்பது பரப்பளவு. 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்பதை வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதாவது, கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பெட்ரோல் நூல் சாலை நெடுகக் கிடக்கிறது, வண்டி அதை உறிஞ்சிக்கொண்டே போகிறது. அவ்வளவு மெல்லிய நூல்தான் நாலு பேரையும் மூட்டை முடிச்சையும் இழுத்துக்கொண்டு போகிறது.

சரி, உங்கள் வண்டியின் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? டேங்கை நிரப்பி, தானாகக் கட் ஆனதும் நிறுத்துங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். நாலு நாள் ஓட்டிவிட்டு மறுபடி அதேபோல் நிரப்புங்கள். ஓடியது 420 கிலோமீட்டர், ஊற்றியது 28 லிட்டர் என்றால் மைலேஜ் 15. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் கட் ஆகாது. அரை லிட்டர் முன்பின் இருக்கும். 28 லிட்டரில் அரை லிட்டர் பெரிதல்ல. ஐந்தே லிட்டர் ஊற்றிக் கணக்குப் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு தப்பாகிவிடும். ஆகவே டேங்க் முக்கால்வாசி காலியான பிறகு பாருங்கள்.

தம்பிகள் கதைக்கு வருகிறேன். 100 கிலோமீட்டருக்குப் பெரியவனுக்கு 5.9 லிட்டர், சின்னவனுக்கு 7.1 லிட்டர் என்று இரண்டு பேருக்கும் எழுதி அனுப்பினேன். சின்னவனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: “என்னோடது டீசல் வண்டி அண்ணே, பெட்ரோலோடு சேர்க்காதீங்க.” நியாயமான பேச்சுதான். ஆனால் ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட எரிசக்தி அதிகம். எரிந்தால் பெட்ரோல் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயுவை விடும், டீசல் 2.6 கிலோவுக்கு மேல். அதையும் சேர்த்தால் அவன் இன்னும் பின்னால்தான் போவான். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

வணக்கம்.